குறுக்கே நாலு, நெடுக்கே மூன்று

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம்தான் என்று உன் ஆபீஸ் தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நீதான் பதினொரு நாளாகப் போனை எடுப்பதில்லையே. உன் கோபம் நியாயம்தான். போட்டோவில் பக்கத்தில் நிற்கிற பையனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ ஆசையாகக் கேட்க, பையனுக்கு உடம்பெல்லாம் வீக்கம், முகத்தில் திட்டுத்திட்டாக ஏதோ தோல் வியாதி, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நாங்கள் பதில் எழுதினால் யாருக்குத்தான் வயிறு எரியாது. நீயும் பருத்துத்தான் தெரிந்தாய். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள் என்று அதை மட்டும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்து அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம், படுக்கவைத்த முட்டை மாதிரி. இப்படியும் கடிகாரம் விற்பார்களா என்று சந்தேகம் வந்து, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைத் திரையில் வைத்து அளந்தேன். குறுக்கே நாலு, நெடுக்கே மூன்று. முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவளுக்கு இது போதாதா, உன் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். மென்று முழுங்கினார். நீ போட்டுக் கொடுத்த லினக்ஸில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதென்று போன மாதம் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தாராம், படம் குறுக்கே இழுத்துக்கொண்டதாம். அதோடு விட்டாரா, எலக்ட்ரீஷியன் புத்தி, லோடு குறைந்தால் வேகமாக ஓடுமென்று ஏதோ ஒரு ஃபைலில் கலர் டெப்த் இருபத்துநாலு என்றிருந்ததை எட்டாக்கிவிட்டாராம். ஒன்றரைக் கோடிக்கு மேல் நிறம் காட்டின திரை இருநூற்றைம்பத்தாறோடு நிறுத்திக்கொண்டால் முகத்தில் திட்டு விழாமல் என்ன செய்யும்.

எட்டை மறுபடி இருபத்துநாலாக்கி, அணைத்துப் போட்டதும் நிறம் வந்துவிட்டது. ரெசல்யூஷன்தான் படுத்திவிட்டது. மாற்றினால், இதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்கிறது, இருபது நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் பழையபடி ஆகிவிடுகிறது. எழுத்து சின்னதானதும் அப்பா கண்ணாடி தேடப் போகிறார், வருவதற்குள் நீங்கள் இருவரும் மறுபடி பருத்துவிடுகிறீர்கள். மூன்று தடவை இப்படி. நாலாம் தடவை நானே அமுக்கிவிட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்காம அமுக்கலாமா, கரண்ட் வேலையில இப்படிச் செஞ்சா ஆளு காலி என்று என்மேல் பாய்ந்தார். எழுத்தை மட்டும் பெரிதாக்க வேறு இடம் இருக்கிறதென்று அப்புறம்தான் கண்டுபிடித்தார்.

இப்போது பார்த்தால் ஒடிசலான பிள்ளை, தெளிவான முகம், காமிராவை விட்டு உன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நீதான் இளைத்துப் போயிருக்கிறாய். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம், பெத்த பொண்ணு முகத்தையே நாம சரியாப் பாக்கலியேடி என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களை மன்னித்துவிடு கண்ணு.

கல்யாணச் சட்டை நான்தான் தைப்பேன். மாப்பிள்ளையின் தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் அளந்து எழுது, போட்டோவைப் பார்த்து வெட்டுகிற தைரியம் எனக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் நூறு வயது சேர்ந்து சிரித்துக்கொண்டிருங்கள். நாளைக்காவது போனை எடு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா