மலைமேல் ஒரு வாளிக் கடல்

செம்மேடு, கொல்லிமலை
8 செப்டம்பர் 2025

அன்புள்ள கலை,

இன்று காலை பதினொன்று பத்துக்கு உன் செய்தி வந்தது. அரியூர்ப் பக்கம் மலை ரோட்டோரத் தடுப்புச் சுவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். “அண்ணா, வேலி பிரிஞ்சு ஆடு பூந்துருச்சு. நாற்றங்கால்ல ஒரு உமரிச் செடி மிச்சமில்ல” என்று படித்ததும் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டேன். மேஸ்திரி கருப்பண்ணன், “ஏனுங்க சார், ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா?” என்று பதறினார். “ஆடு மேஞ்சுருச்சுங்க” என்றேன். “ஆடுன்னா மேயத்தானுங்க செய்யும்” என்றார்.

நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டதைப் பார்த்தேன். ஜூனில் என் ஜாஸ்மின் காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து யாராவது “எப்படி இருக்கீங்க” என்று கேட்டால் அழுகை வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒன்றும் வருவதில்லை. கல் மாதிரி நிற்கிறேன். எழுதினால் நாலு வரி வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

இந்த மழைக்கு முன் கடைசி நடவு முடிந்தால்தான் ஆய்வேட்டை அவள் பெயரிலேயே கொடுக்க முடியும் என்று அவளுக்கும் உனக்கும் கைடாக இருப்பவர் சொன்னது நினைவிருக்கிறது. கவலைப்படாதே. மே மாத லீவில் வந்தபோது அவள் இங்கே விதைத்த உமரித் தட்டுகள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். முழங்கால் உயரம், கொழுகொழுவென்று நிற்கின்றன. வாழைக்காய் லாரியில் அனுப்பிவைக்கிறேன். நான் வரவில்லை. அவள் இல்லாத அந்தக் கரையைப் பார்க்க என்னால் ஆகாது.

உன் அண்ணன்,
பிரேம்


வேதாரண்யம்
13 செப்டம்பர்

பாசமுள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சேற்றிலேயே ஒரு குதி குதித்தேன். இடுப்பு வரை இறங்கிவிட்டது. கைடுதான் கையைக் கொடுத்துத் தூக்கினார். அவரும் சிரித்தார்.

மறுபடி படித்ததும்தான் திக்கென்றது. முழங்கால் உயரமா? எங்கள் செடியெல்லாம் ஒரு சாண்தான் இருந்தது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? மலை ஊற்றுத் தண்ணீரா? ஐயோ அண்ணா! அது உப்புச் சதுப்பில் பிழைக்க வேண்டிய செடி. நல்ல தண்ணீரில் சொகுசாக வளர்ந்ததைக் கடற்சேற்றில் வைத்தால் ஒரே வாரத்தில் படுத்துவிடும்.

இப்போது லாரி வேண்டாம். முதலில் உப்புக்குப் பழக்குங்கள். வாளிக்கு ஒரு பிடி கல்லுப்பில் ஆரம்பியுங்கள். போகப் போகக் கூட்டுங்கள். கடைசியில் நாக்கில் வைத்தால் கடல்தண்ணீராகவே இருக்க வேண்டும்.

“எங்க வீட்டுக்காரர் கல்லை அடுக்கி மலையை நிறுத்துறார், நான் செடியை வச்சுக் கடலை நிறுத்துறேன்” என்று ஜாஸ்மின் அக்கா இங்கே டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். “அவர் சுவர் கட்டின அன்னிலேருந்து தேயும், என் சுவர் நட்ட அன்னிலேருந்து வளரும்” என்பதும் உண்டு. உமரி அலையின் வேகத்தைக் குடித்து, சேற்றைப் பிடித்துவைத்து, ஊருக்கு முன்னால் இருக்கிற மண்கரையைக் காக்கிறது. அதை அளந்து காட்டத்தானே இத்தனை பாடுபட்டார்!

நீங்கள் வந்தால் நன்றாயிருக்கும். கட்டாயப்படுத்தவில்லை. இல்லை, கட்டாயப்படுத்துகிறேன்.

தங்கை,
கலைச்செல்வி


செம்மேடு
23 செப்டம்பர்

அன்புள்ள கலை,

சேந்தமங்கலம் போய் ஒரு மூட்டை கல்லுப்பு கேட்டேன். “ஏனுங்க சார், மலை மேல கருவாடு போடப் போறீங்களா?” என்றார் கடைக்காரர். “இல்லீங்க, கடல் பண்ணப் போறேன்.” அவர் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

வம்பு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த ராமாயியம்மா, நான் உப்பைக் கலக்கி ஊற்றுவதைப் பார்த்துவிட்டார். இங்கே செடியின் வேரில் உப்பைக் கொட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேண்டாததைச் சாகடிக்கிறோம். ஓடி வந்து வாளியைப் பிடுங்கினார்.

“ஏஞ்சாமி, பொண்டாட்டி வெதச்ச செடிக்கு உப்பு ஊத்தறீங்களே! இத்தன நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் வல்லியேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். கடசீல செடி மேலயா காட்டுவீங்க?”

“இது கடல் செடிங்கம்மா. உப்புதான் குடிக்கும்.”

“எந்த ஊருச் செடிங்க உப்பு குடிக்குது? பொறந்ததுலேருந்து செடியோட கெடக்கறேன், எங்கிட்டயே கத வுடறீங்க!”

மறுநாள் காலையில் ஒரு தட்டைக் காணோம். சாயந்திரம் போய்ப் பார்த்தால் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. “காப்பாத்தி வச்சிருக்கறேன். ஊத்துத் தண்ணிதான் ஊத்துவேன், ஆமா” என்று இடுப்பில் கைவைத்து நின்றார்.

கலை, நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அந்த அம்மா பயந்துபோய் ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

தட்டை என்ன செய்வது? ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிவிடவா?

பிரேம்


வேதாரண்யம்
29 செப்டம்பர்

அண்ணா,

திருடாதீர்கள்! அந்தத் தட்டில் ஒரு கல் உப்புகூட விழக்கூடாது. ஒரே விதை, விதைத்ததும் ஒரே கை. உங்கள் தட்டுகள் உப்புக்குப் பழகியவை, அந்த ஒரு தட்டு பழகாதது. பக்கத்துப் பக்கத்தில் நட்டால் பழக்குவதால் என்ன லாபம் என்று அளந்தே சொல்லிவிடலாம். அக்கா செய்ய ஆசைப்பட்டு நேரமில்லாமல் விட்டது இது. ராமாயியம்மா தட்டு படுத்துவிடலாம். படுத்தாலும் அதுவும் ஒரு முடிவுதான். விஷயத்தைச் சொன்னதும் கைடு, “யாரும்மா இந்த ராமாயி? எந்த யுனிவர்சிட்டி?” என்றார்.

அக்டோபர் பதினாலு நடவு. அன்றைக்குக் கடல் ஏற்றம் குறைவு. தட்டுகள் யார் கையில் வந்தாலும் சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, அண்ணா.

கலை


செம்மேடு பஸ் ஸ்டாண்ட்
12 அக்டோபர்

அன்புள்ள கலை,

நான் அங்கே வந்த பிறகுதான் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். பரவாயில்லை, படி.

லாரிக்காரர் கார்த்தியைக் கூட்டிக்கொண்டு ராமாயியம்மா வீட்டுக்குப் போனேன். தட்டைத் தரமாட்டேன் என்றுவிட்டார்.

“லாரிக்காரங் கையில குடுத்தனுப்பவா நானு காப்பாத்தினேன்? கட்டுன ஆளு நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறீங்கல்ல? மடியில வச்சுக் கொண்டு போறதுன்னாச் சொல்லுங்க, இப்பவே தாரேன்.”

“என்னால அங்க போக முடியாதுங்கம்மா.”

“ஏனுங்க முடியாது? காலு இருக்குது, பஸ்ஸு இருக்குது.”

“சார், இந்த அக்காகிட்ட நானு பேசி ஜெயிச்சதே இல்லீங்க” என்று மற்ற தட்டுகளை ஏற்றிக்கொண்டு கார்த்தி கிளம்பிவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “இந்தத் தட்டு அங்க நிக்காமலும் போகலாங்க” என்றேன். “நிக்காட்டிப் போவுது. நட்டுப் பாக்கோணுமில்லீங்க?” என்று தூக்கி என் கையில் வைத்தார்.

அழுகை அப்போதுதான் வந்தது, கலை. நிறுத்த முடியவில்லை. ராமாயியம்மா என் முதுகைத் தட்டிக்கொண்டே, “அழுவுங்க கண்ணு, நல்லா அழுவுங்க. தட்டு மேல மட்டும் உழுவாமப் பாத்துக்கங்க, அது உப்புத் தண்ணி” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். பார்க்க நன்றாக இருந்திருக்காது.

அங்கே வந்து நான் பேசாமல் நின்றால் தப்பாக நினைக்காதே. எங்கே குழி தோண்ட வேண்டும் என்று காட்டு, போதும். சாப்பாட்டுக்கு மீன் இருந்தால் சரி. ஆட்டுக்கறி கொடுத்தால், நாற்றங்காலை மேய்ந்த ஆட்டைப் பழிவாங்கியதாகவே எடுத்துக்கொள்வேன்.

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் தட்டைப் பார்த்து, “செடிக்கும் சீட்டு வேணுங்களா சார்?” என்கிறார். மலை இறங்கி முடிக்கும்வரை வளைவு மேல் வளைவு. தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். போனை அணைத்துவிட்டேன்.

பிரேம்