சுவரோரம் வந்த ஊற்று

அன்பு மகள் பிரேமினிக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், ஏன் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டபோது மழை பலம் என்று மட்டும் சொன்னேன். உன் அப்பா நம் லயத்து வீட்டை விட்டு வர மறுக்கிறார் என்பதைச் சொல்லவில்லை, சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். கீழ் டிவிசன் ஷாமிலாவும் அடுத்த கிழமை வேலைக்குக் கத்தாருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

லயத்துக்கு மேலே இருந்த காட்டைத் தேயிலைத் தோட்ட நிர்வாகம் வெட்டி விற்றது உனக்குத் தெரியும். மரங்கள் இருந்தவரை மழையும் மூடுபனியும் வேர்வழி இறங்கி, மண்ணுக்குள் மெல்ல நகர்ந்து, கோடையிலும் நம் மூங்கில் பீலியில் குடிதண்ணீராக விழுந்தன. மிச்சம் ஓடையாகிக் கொத்மலை அணைக்கும் பிறகு கடலுக்கும் போய், மறுபடி மேகமாக நம் தலைக்கு மேலேயே வந்தது. காடு போனதும் பீலி வற்றியது, குடத்தோடு கீழ் டிவிசனுக்கு நடந்தோம். கேட்கப் போனால் தோட்டத்தை நடத்தும் துரை, மழை வந்தால் தண்ணீர் வரும் என்றார். வந்தது. சின்னராசா மாமா வீட்டுப் பின்சுவரோரம் மண்ணைப் பிளந்துகொண்டு புது ஊற்று. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா என்று கல் நட்டு, மஞ்சள் பூசி, சூடம் கொளுத்தினார்கள். உன் அப்பா மூங்கில் வெட்டிப் புதுப் பீலி போட்டார். தண்ணீரோ செம்மண் கலங்கல். வேரில்லாத மலை குடித்த மழையைத் தாங்காமல் அடியில் கக்குகிறது, மண் சரியப் போகிறது, கிளம்புங்கள் என்றேன். மாமாவின் மனைவி ராக்காயி அத்தை, பொஸ்தகம் படிச்சவ வந்துட்டா, சாமி குடுத்த தண்ணிக்கும் குத்தம் சொல்ல என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும்தான். கிராம சேவகர் வந்து அதையே சிங்களத்தில் சொன்ன பிறகுதான் பெண்களும் பிள்ளைகளும் இங்கே வந்தோம். ஆண்கள் அசையவில்லை. தண்ணிக்கு இத்தன வருசம் நாயா அலஞ்சோம், வாசலுக்கு வந்தத விட்டுட்டு ஓடச் சொல்றியாடி என்று உன் அப்பா கேட்டார். 

நேரத்துக்குச் சாப்பிடு. கடல் தண்ணீரில் உப்பெடுத்துத்தான் அங்கே குழாயில் விடுகிறார்கள் என்றாய், அது வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் நன்றாகக் குடி. பாஸ்போட்டை நீ வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள், மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எந்தச் சாமியிடமும் எனக்குக் கேட்க எதுவும் இல்லை.

உன்னைப் பெற்ற,
ஜெயந்தினி

கவரை ஒட்டுமுன் எழுதுகிறேன். நேற்று மாலை உன் அப்பா என்னோடு சண்டை போட இறங்கி வந்தார், மழை விடாததால் இங்கேயே படுத்துவிட்டார். விடியும்போது லயத்தின் மேல் மலை சரிந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். சின்னராசா மாமாவை மண்ணுக்குள்ளிருந்து இன்னும் எடுக்கவில்லை.