பயத்துக்குப் பத்து மதிப்பெண்

மார்ச் 3, திங்கள்

காலை ஏழு வரை பனி. ஏழு ஐந்துக்கு வெயில். நடுவில் இளவேனில் என்று ஒன்று உண்டு எனப் பள்ளியில் படித்த நினைவு.

கல்லூரியில் புது வேலை. காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் எடுத்த திகில் படத் தொடக்கங்கள், ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். மீதிப் படம் காகிதத்தில் மட்டும். இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும்: எடிட்டிங் சொல்லித்தரும் கிருபாகரன், திரைக்கதை சொல்லித்தரும் நான். எனக்கு ஓய்வு பெறும் வயது தாண்டிவிட்டது. துறை கவனிக்காததால் இன்னும் வந்துகொண்டிருக்கிறேன்.

மதிப்பெண் தாள்: ஒளி 10, ஒலி 10, படத்தொகுப்பு 10, அடுத்து என்ன என்ற ஆவல் 10, பயம் 10. பயத்தை எதைக் கொண்டு அளப்பது என்று துறைத் தலைவர் நிர்மலாவிடம் கேட்டேன்.

"பார்த்தா உங்களுக்கே தெரியும் சார். பயந்தா போடுங்க. பயப்படலைன்னா குறைங்க."

"அரைகுறையா பயந்தா மேடம்?"

"அஞ்சு."

முதலில் வரும் குழுவுக்கு மட்டும் ஏப்ரல் முழுவதும் கேமரா, விளக்கு எல்லாம். படத்தை முடிக்கலாம். மற்ற ஐந்து குழுக்களும் திகில் பற்றி நாற்பது பக்க ஆய்வேடு. அதைத் திருத்தப்போவதும் நான். எனக்கென்று ஒரு திகில் தனியாக எடுத்துவைத்திருக்கிறார்கள்.

மாலைக்குள் ஐந்து பார்த்தாயிற்று.

1. பொம்மை.
2. பொம்மை, கூடவே ஊஞ்சல்.
3. வண்டலூர்ப் பக்கம் காடு. சிக்னல் இல்லை என்று நால்வரும் மாறி மாறி அலறுகிறார்கள். பின்னால் செல்போன் கோபுரம்.
4. குளியலறைக் கண்ணாடி. அதில் கேமரா பிடித்தவனும் தெரிகிறான். அவனைப் பார்த்துத்தான் கொஞ்சம் பயந்தேன். மூன்று போட்டேன்.
5. கூடுவாஞ்சேரியில் புது அடுக்ககம். பதின்மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. கட்டடத்துக்கு ஐந்தே மாடி. நல்ல விஷயம், ஆனால் அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆறாவது நாளைக்கு. தயிர் வாங்க மறந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

புழுக்கம். செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று இல்லை, கொசு மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆறாவதைப் பார்த்தேன். பெனிட்டாவின் குழு. கடைசி பெஞ்ச், கேள்வி கேட்கும் பெண்.

கதை: இருபத்தைந்து வயதுப் பெண் கீழ்க்கட்டளையில் பேருந்திலிருந்து இறங்குகிறாள். தோளில் அலுவலகப் பை. மூன்று மாடி ஏறுகிறாள். கதவில் வெளிப்பூட்டு, திறக்கிறாள். உள்ளே இருட்டு. வாசல் வெளிச்சத்தில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. தனியாள் என்று புரிகிறது. செருப்பைக் கழற்றுகிறாள். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. பிறகு ஒரு பெண் குரல்:

"வந்துட்டியா? கை கால் கழுவிட்டு வா, தோசை ஊத்தறேன்."

ஸ்விட்சுக்குப் போன கை அப்படியே நிற்கிறது. படத்தின் பெயர். முடிந்தது.

பயம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். எதுவும் எழுத வரவில்லை. மறுபடி பார்த்தேன். பன் சாப்பிட்டேன். மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் எதற்காக நிற்கிறாள் என்று எரிச்சல் வந்தது. கூப்பிடுகிறார்கள், போயேன்.

என் மனைவி ஹேமா தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு பெற்று வந்தவாசிக்குப் போய் ஐந்து வருடம். போன மே மாதம் ஓய்வும் பெற்றாள். திரும்பவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. "இங்க செடி வச்சிருக்கேன், யார் தண்ணி ஊத்துவா?" என்றாள். நியாயம்தான் என்றேன். தாம்பரத்திலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. செடிகள் நன்றாக இருக்கின்றனவாம்.

உண்மையைச் சொல்வதென்றால் ஹேமா ஒருநாளும் "வந்துட்டீங்களா" என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம் "கறிவேப்பிலை வாங்கினீங்களா?" வாங்கியிருக்க மாட்டேன். நடக்காத ஒன்றை நினைத்து ஏங்குவதற்குக் கல்லூரி எனக்குச் சம்பளம் தருகிறது.

இன்னொரு தடவை பார்த்தேன். ஒலி 10.

மார்ச் 5, புதன்

கேன்டீனில் கிருபாகரன். திருத்துபவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதனால் தணிந்த குரலில் பேசினோம்.

"சார், ஆறாவது பார்த்தீங்களா? தோசை ஊத்தற பேய். பயத்துக்கு ரெண்டு போட்டேன். அதுவும் குக்கருக்காக."

"ஏன், பயம் இல்லையா?"

"எங்க வீட்ல தினம் இதான் சார் நடக்குது. என்னன்னு பயப்படறது? சில நாள் தோசை கூட இல்ல, உப்புமா."

இப்படி ஒரு பணக்காரனோடு இத்தனை வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியாமல் போயிற்று.

மூன்றாவது மணி முடிந்து வராந்தாவில் பெனிட்டா. முகத்தில் கவலை.

"சார், எங்க லிங்க் லீக் ஆயிடுச்சுன்னு நினைக்கறேன்."

"எப்படிச் சொல்றே?"

"வியூஸ் நாப்பத்தொண்ணு காட்டுது சார். நாங்க நாலு பேரும் ஆளுக்கு ஒரு தடவை பார்த்தோம். கிருபா சார் ஒரு தடவைதான் பார்த்தாராம்."

இணையத்தில் எண்ணுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். புத்தகமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

"செம்பாக்கத்துல நெட் அப்படித்தான். விட்டு விட்டு வரும். ஒரு தடவை பார்த்தா பத்து விழும்," என்றேன். நம்பினாள். எங்கள் பகுதி இணையத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள்.

போகாமல் நின்றாள்.

"அந்தக் குரல் எங்கம்மா சார். பேய்னு சொல்லல. சொன்னா ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. 'நான் வேலைக்குப் போய்ட்டு வந்தா எப்படிக் கூப்பிடுவே'ன்னு கேட்டேன். அப்படியே ரெக்கார்ட் பண்ணிட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. கிளாஸ்ல போட்டுக் காட்டினா எல்லாரும் 'ஆன்ட்டி, எனக்கும் ரெண்டு தோசை'ங்கறாங்க. பேஜார் பண்றாங்க சார்."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அப்பா சேலையூரில் பள்ளி ஆசிரியர். ஜூனில் அவளைப் பி.எட்.டில் சேர்க்கப் போகிறார். ஒரு முழுப் படம் முடித்துக் காட்டினால் ஒரு வருடம் விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆய்வேட்டைக் காட்டினால் விடமாட்டார்.

"குரலை மாத்தவா சார்? கனமாக்கி, எக்கோ போட்டு? வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் மாத்தலாம்னாங்க."

"திருத்தறவன் சொல்லக் கூடாதும்மா," என்றேன்.

விதிகள் எவ்வளவு வசதியானவை.

மார்ச் 6, வியாழன்

வெயில். பேனா மை தீர்ந்தது. கரண்ட் பில் கட்டணும்.

தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. ஓட்டுநர் ஒரு கையில் போன்.

"இன்னாம்மா? தோ வந்துகினே கீறேன். கேம்ப் ரோடு தாண்டிட்டேன். நீ தட்டு வை, ஆறினாலும் பரவால்ல."

கேம்ப் ரோடு இன்னும் வரவே இல்லை. ஏழு பேர் இருந்தோம், யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பெனிட்டா குழுவின் கதைச் சுருக்கத்தை இன்றுதான் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். ஆறாவது நிமிடத்தில் அந்தப் பெண் சமையலறைக்குள் போகிறாள். உள்ளே விரித்த தலை, வெந்த முகம், வெள்ளைப் புடவை. பத்தாவது நிமிடத்தில் ரத்தம். கல்லில் தோசை இல்லை.

ஆக, நான் நல்ல மதிப்பெண் போட்டால் படம் முடியும். படம் முடிந்தால் அந்தக் குரல் இப்படி ஆகும். குறைத்துப் போட்டால் அது இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். கை கால் கழுவிவிட்டு வா என்று எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அது தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இது மதிப்பீட்டாளனின் கறார் என்று ஒரு வரி எழுதினேன். அடித்தேன். ஒரு பெண்ணைப் பி.எட்.டுக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய அம்மாவின் குரலை நான் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

வீட்டைத் திறக்கும்போது பூட்டைப் பார்த்தபடி சற்று நின்றேன். எதிர் வீட்டம்மா, "சாவி போயிடுச்சா சார்?" என்றார். இல்லை, இருக்கிறது என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

மேகம். மழை வராது.

மதியம் மூன்றுக்கு லிங்க்கைத் தட்டினேன். காணொளி அகற்றப்பட்டது என்று வந்தது. கீழே புது லிங்க். தட்டினேன். பேருந்து, மூன்று மாடி, பூட்டு, குக்கர் எல்லாம் அப்படியே. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ரவுடி பேசுவதுபோல. தோசை ஊத்தறேன் என்பதை அந்தக் குரலில் கேட்டால் நானே படியிறங்கி ஓடிவிடுவேன்.

"இப்ப ஓகே சார். ஏழு போடலாம்," என்றார் கிருபாகரன்.

தலையாட்டினேன். அரை மணி நேரம் வேறு தாள்களைத் திருத்தினேன். ஒருவன் 'கிளைமாக்ஸ் என்பது படத்தின் தட்பவெப்பம்' என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் கொடுத்தேன்.

பிறகுதான், ஓடிவிடுவேன் என்று நான் நினைத்தது உறுத்தியது. எடிட்டிங் அறைக்குப் போனேன். பெனிட்டாவும் அவள் குழுவில் ஒளிப்பதிவு செய்த விக்னேஷும் இருந்தார்கள். கிருபாகரனும்.

"பழைய குரல் இருக்கா?"

"டிலீட் பண்ணிட்டேன் சார்," என்றாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உடனே, "லிங்க்கைத்தான் சார். அம்மா வாய்ஸ் சிஸ்டம்ல இருக்கு."

விதியை மீறிச் சொன்னேன்: புதுக் குரல் கேட்டால் அந்தப் பெண் ஓடிவிடுவாள். ஓடினால் படம் அங்கேயே முடிந்தது, ஆபத்து இல்லை. பழைய குரல் கேட்டால் உள்ளே போய்விடுவாள். வெளியே பூட்டியிருந்தது தெரியும், உள்ளே யாரும் இருக்க முடியாது என்பதும் தெரியும். தெரிந்தே போவாள். பசி. அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

"ஆனா ஆடியன்ஸ் பயப்படணுமே சார்," என்றார் கிருபாகரன்.

"தனியா இருக்கறவங்க பயப்படுவாங்க."

"நாங்கல்லாம்?"

"உங்களுக்குக் குக்கர் போதும்."

விக்னேஷ் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று கிருபாகரனைப் பார்த்தான். பெனிட்டா திரையில் எதையோ இழுத்து எதையோ நீக்கினாள். நான்கு அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது அம்மா திரும்பி வந்தார்.

பயம்: 10. கிருபாகரன் தன் இரண்டை மாற்றமாட்டேன் என்றார். அவரும் நேர்மையானவர்தான். இருவருக்கும் இடையில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் துறைத் தலைவர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். திங்கள்.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் லாரி வந்தது. தெருவே குடத்தோடு.

பத்து மணிக்கு ஹேமாவிடம் வாராந்திரப் பேச்சு. கேஸ் பதிவு. வீட்டு வரிச் சீட்டு எந்த அலமாரியில். அவளுடைய முல்லை பந்தலுக்கு ஏறிவிட்டதாம்.

பெனிட்டா செய்ததைச் செய்து பார்த்தேன்.

"நான் அங்க வந்தா எப்படிக் கூப்பிடுவே?"

"எதுக்கு வர்றீங்க? ஏதாவது கையெழுத்து வேணுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அங்கே ஏதோ பறவைச் சத்தம்.

"வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. நான் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கப் போயிடுவேன், வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்ல சாவி இருக்கு."

சரி என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

விடியற்காலையில் நாலு தூறல், மண் நனையவில்லை.

நிர்மலா தன் அறையில் ஆறாவதைப் பார்த்தார். எதிரே நாங்கள் இருவரும். குரல் வந்தது. அவர் முகம் மாறவில்லை. படம் முடிந்ததும் திரும்ப ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹாஸ்டல்ல எட்டு வருஷம் இருந்தேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல். எட்டு எழுதினார். வருடத்துக்கு ஒன்று போலிருக்கிறது.

கூட்டிப் பார்த்ததில் ஆறாவது முதலில். லிஃப்டுக்காரர்கள் இரண்டாவது. கிருபாகரன் முறைக்கவில்லை. "முழுப் படத்துக்கு நான்தான் எடிட்டிங் கைடு, அதுல உங்க தலையீடு கூடாது சார்," என்று மட்டும் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

பெனிட்டாவிடம் சொன்னபோது அவள் குதிக்கவில்லை. வராந்தா சுவரில் சாய்ந்து உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஆமாப்பா. ஏப்ரல் முழுக்க. இல்லப்பா, எழுதிக் குடுத்துட்டாங்க. அம்மாகிட்ட குடுங்க." பிறகு வெகுநேரம் கண்ணை மூடிப் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஜெபம் நடக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

முடித்துவிட்டு வந்தாள். நோட்டும் பேனாவும் கையில்.

"சார், வெந்த முகத்தை எடுத்துடலாம்னு பார்க்கறேன். உள்ள யாரைக் காட்டறது?"

"யாரையும் காட்டாதே. தோசையைக் காட்டு. சாப்பிடட்டும்."

"எத்தனை சார்?"

"அவ போதும்னு சொல்ற வரைக்கும்."

எழுதிக்கொண்டாள். பேனாவை மூடப் போனவள் நிறுத்தினாள்.

"ஆனா சார், அவ கண்டிப்பா உள்ள போவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சிலபஸ்ல இருக்கு," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.

"எந்த யூனிட் சார்?"