அப்பாவுக்கு விட்ட இரண்டு வரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம். இங்கே மழை எட்டிப் பார்த்து மூன்று மாதமாகிறது, காடு முழுக்கச் சருகு, ஒரு பொறி போதும். அதற்காகத்தானே போன வருஷம் அந்த ரோபோவை வனத்துறைக்காரர்கள் நம் குவார்ட்டர்ஸ் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார்கள், அப்பா மொட்டையன் என்று பெயர் வைத்தாரே, அவன்தான். பேட்டரியில் ஓடுகிறான், சத்தமே கிடையாது. காலை எட்டு மணிக்குத் தானாகக் கிளம்பி, நாலு மணி வரை காய்ந்த புல்லையும் புதரையும் வெட்டி, தீ தாண்டாதபடி பாதை போடுகிறான். இருபது பேரோடு அரிவாள் பிடித்த உன் அப்பாவுக்கு இப்போது முன்னறையில் திரைக்கு எதிரே உட்காருவதுதான் வேலை. மனுஷர் மாதிரி எது தெரிந்தாலும் மொட்டையன் நின்றுவிடுவான், மணி அடிக்கும், அப்பா திரையைப் பார்த்து 'ஆள் உண்டு', 'ஆள் இல்லை' இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். மரக்கட்டையைப் பார்த்தும் நிற்கிறான், மானைப் பார்த்தும் நிற்கிறான், ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அப்பாவுக்குச் சலித்துவிட்டது, சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. "முப்பது வருஷம் காட்டைப் பாத்த கண்ணுடி, இதுக்குப் போய் கண்ணாடி வேணுமாக்கும்" என்கிறார்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. போன செவ்வாய்க்கிழமை கொடியில் போட்ட போர்வை பறந்து வேலிக்கு அப்பால் விழுந்துவிட்டது. வேலை நேரத்தில் வேலி தாண்டக் கூடாது என்று தெரிந்தும் புத்தி கெட்டுப் போனேன். புதருக்குள் குனிந்திருந்தபோது மொட்டையன் என்னைப் பார்த்து நின்றான். உள்ளே அப்பா இருக்கிறாரே என்று தைரியமாகத்தான் இருந்தேன். அவன் மறுபடி நகர்ந்தான். அப்பா 'ஆள் இல்லை' அமுக்கிவிட்டார். கத்தினேன், ஜன்னல் சாத்தியிருந்தது. பக்கத்துப் பள்ளத்தில் விழுந்ததால் பிழைத்தேன், வெட்டின கிளை ஒன்று பறந்துவந்து தோளில் அடித்தது. போர்வை நார்நாராகிவிட்டது. உள்ளே வந்தால் அவர் சிரித்துக்கொண்டே, "பய இன்னிக்கு ஒரு புதரைப் பாத்து பயந்துட்டான்" என்கிறார். குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் அந்த மனுஷர் உடைந்துபோவார், வேலையும் போகும், இந்த வீடும் போகும். சொல்லாவிட்டால், நாளைக்குச் சுள்ளி பொறுக்க வருகிற எவளாவது பள்ளம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால்? எட்டு மணி ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறேன். மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி அவர் பின்னால் நின்று திரையைப் பார்க்கிறேன். "என்ன, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திச் சுத்தி வர்றே" என்று கேலி வேறு. அங்கே வந்து இரு, இரு என்று நீ கூப்பிடுகிறாய், நான் வந்துவிட்டால் இங்கே பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள், சொல்.

எப்போதும் அப்பா எழுத அடியில் இரண்டு வரி இடம் விடுவேன். இந்த முறை விளிம்பு வரை எழுதி ஒட்டிவிடத்தான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, படித்தே தெரிந்துகொள்ளட்டும். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, மகராசியாக இரு. பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்.

உன் அம்மா

மகளே, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன். மொட்டையனை இன்று வெளியே விடவில்லை, ஆபீசுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். அம்மா தோளைக் காட்டமாட்டேன் என்கிறாள், நீ சொல்.
அப்பா