கணக்கு டீச்சரின் நீச்சல் பாடம்

டீச்சர்,

இன்று காலை வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரிந்தது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண்ணும் சருகும் நனைந்து எழும் அந்த வாசனை கொல்லைக் கதவைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்குப் போய் நின்றேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. தெருப் பிள்ளைகள் அதற்குள் குதித்திருந்தார்கள். கரையில் நின்ற தாய்மார், "ஏலே, அங்கன போகாத, ஆழம்! ஏ ஆத்தா, அவனப் பிடி!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கத்தல்தான் உங்களைக் கொண்டுவந்தது. நீங்கள் போய் வருடம் ஒன்று ஆகப்போகிறது. இன்னும் உங்களிடம் சொல்லாத சேதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். நீங்கள் கணக்கு, நான் தமிழ். அத்தனை வருடப் பழக்கத்தில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு நீங்கள் டீச்சர், உங்களுக்கு நான் டீச்சர். நோன்பு மாதத்தில் உங்கள் மகள் தூக்குவாளியில் கஞ்சியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "டீச்சர், டீச்சர் குடுத்துட்டு வரச் சொன்னாக" என்பாள். என் பையன்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் உங்களுக்கு இருந்த வேலையை இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர், பிள்ளைகளின் அத்தா, வெளிநாட்டில். படுக்கையில் மாமியார். நாலாம் வகுப்பு மகள், பால் மறக்காத மகன். விடியும் முன் எழுந்து எல்லாருக்கும் எல்லாம் செய்து வைத்துவிட்டு, உத்தமபாளையம் கடைவீதியில் ஓட்டமும் நடையுமாக வந்து பஸ்ஸைப் பிடிப்பீர்கள். ஏறிய பிறகுதான் தலையில் சீப்பு மாட்டியபடியே இருப்பது தெரியும். ஒருநாள் அதோடு வகுப்புக்கே போய்விட்டீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நீங்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். வழக்கமான வேலைதான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்ன நடத்தப் போகிறோம், நோக்கம் என்ன, என்ன துணைக்கருவி, பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று எப்படி மதிப்பிடுவோம் என்று ஆசிரியர்கள் எல்லாரும் பாடக்குறிப்பு எழுதித் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமே, அது.

"எந்த வகுப்புக்கு டீச்சர்?" என்றேன்.

"எனக்கு."

"உங்களுக்கா?"

"ஆமா. ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் எழுதுறோம்ல? நமக்கு யாரு எழுதுவா?"

எட்டிப் பார்த்தேன். உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட பாடங்கள் மூன்று. முதலாவது, ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து குடிப்பது. இரண்டாவது, மலையாள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது. துணைக்கருவி: குமுளிப் பக்கமிருந்து வரும் கேரளா பஸ்களின் பெயர்ப் பலகை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் எப்படியும் வீணாகத்தானே போகிறது என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். மூன்றாவது, நீச்சல்.

"நீச்சலா! பிள்ளைக வளரட்டும் டீச்சர், பெறகு பாத்துக்கலாம்."

"பெறகுன்னு ஒரு கெழம இருக்கா டீச்சர்? இருந்தா சொல்லுங்க, அன்னைக்கே வச்சுக்கிருவோம்."

அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னீர்கள். "எங்கம்மா கரையில நின்னு கத்துச்சு. அந்தப் பயத்துல நான் தண்ணியில காலே வைக்கல. இப்ப நானும் கரையில நின்னுதான் கத்துறேன். எம் மக தண்ணியப் பாத்தாலே என் முகத்தப் பாக்குறா. அவளும் இங்கனயேதான் நிக்கணுமா?"

என் பையிலிருந்த வீட்டுக் கணக்கு நோட்டை இழுத்து, "நீங்களும் ஒண்ணு எழுதுங்க" என்றீர்கள். வெகுநேரம் யோசித்து எழுதினேன்: வைகை அணையைப் பார்ப்பது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வருடா வருடம் பிள்ளைகளை அங்கேதானே சுற்றுலா கூட்டிப் போகிறேன் என்று. போகிறேன்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலையை எண்ணுவேன், பூங்காவில் எண்ணுவேன், சாப்பிட உட்காரும்போது எண்ணுவேன், ஏறும்போது எண்ணுவேன். அணையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆகவே நோக்கம்: யார் தலையையும் எண்ணாமல் அணையைப் பார்த்தல். சிரிப்பை நிறுத்திவிட்டு, என் பாடக்குறிப்பின் கீழே தலைமையாசிரியர் மாதிரியே சாய்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள்.

நீச்சலுக்கு இடம் என் நாத்தனாரின் திராட்சைத் தோட்டத்துக் கிணறு. ராயப்பன்பட்டிப் பக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே மாதா கோயில் பூசையில் இருக்கும். தோட்டங்களில் ஆண்கள் நடமாட்டம் இருக்காது. பூசை முடிந்து மணி அடிக்கும்வரை கிணறு நமக்கு. அந்த மணிதான் பீரியட் மணி என்றீர்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில்தான் கிணறு ஊறி மேல்படி வரை நிற்கும். அது படி இறங்குவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான்.

நாம் ஆசிரியர்கள். அதனால் முதலில் பாடமாகப் படித்தோம். அந்த வெள்ளிக்கிழமையே பள்ளி விட்டதும், ஓய்வறை பெஞ்சில் நீங்கள் குப்புறப் படுத்துக் கை வீச, நான் ஒன்று, இரண்டு சொன்னேன். காலி டின் ஏன் மிதக்கிறது என்று அறிவியல் புத்தகத்தைப் பிரித்து எனக்கு விளக்கினீர்கள். டின்னை உடம்பில் எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

அந்த ஞாயிறே முதல் வகுப்பு. பழைய சுடிதாரில் இறங்கினீர்கள். இடுப்புக்குக் கீழே இரண்டு எண்ணெய் டின்களை நான்தான் இறுக்கிக் கட்டினேன். படியில் கயிற்றுடன் நாத்தனார். மேலே சுவரோரம், கண்ணை எடுக்காமல் உங்கள் மகள். கையை விட்டீர்கள். டின் மிதந்தது. டின்னோடு உங்கள் இடுப்பும் மிதந்தது. தலை மட்டும் உள்ளே போய்விட்டது.

நாத்தனார் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்துப் படியில் சேர்த்தாள். நீங்கள் இருமி முடிப்பதற்குள் கேட்டாள்: "ஏன் டீச்சர், தலைகீழா நின்னாத்தான் கணக்கு வருமா? மதினி, உங்க ஸ்கூல்ல இப்படித்தான் நடத்துறீகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. நீங்கள் மேலே பார்த்தீர்கள். மகள் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கையைப் பிடித்தபடியே வந்தீர்கள். இறங்கும் இடத்தில், "அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுர்றேன் டீச்சர். பயப்படாத பிள்ளையையும் பயங்காட்டிட்டேன்" என்றீர்கள்.

கிழித்திருப்பீர்கள். ஆனால் அன்று இரவு மகனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை வேறு தாள் தேட நேரமில்லாமல் பள்ளி நோட்டிலேயே எட்டாம் வகுப்புக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அப்படியே திங்கட்கிழமை அந்த நோட்டு தலைமையாசிரியர் மேசைக்குப் போய்விட்டது.

பியூன் வந்து இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேசையில் உங்கள் நோட்டு விரிந்து கிடந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"டீச்சர், எட்டாம் வகுப்புக் கணக்குல நீச்சல் எத்தனாவது பாடம்?"

உங்கள் முகம் சுண்டிவிட்டது.

"முன்னறிவு: இல்லை. துணைக்கருவி: காலி டின் இரண்டு, கயிறு, தமிழ் டீச்சர்" என்று சத்தமாகப் படித்தார். "மதிப்பீடு: எதிர்ச்சுவர் வரை துணையின்றிப் போய்த் திரும்புதல். ம்... நல்லாத்தான் எழுதியிருக்கீக."

"தெரியாம வந்துருச்சு சார். அந்தப் பக்கத்தக் கிழிச்சிர்றேன்."

"கிழிக்கிறதாவது! கையெழுத்துப் போட்ட பெறகுல்ல வாசிச்சேன்." பச்சை மையில் அவர் கையெழுத்து காய்ந்திருந்தது. "ஒப்பம் போட்ட பாடத்த நடத்தித்தான் ஆகணும். நடத்த முடியலன்னா அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கலாம். கிழிக்க விதி இல்ல." வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "டின்ன முதுகுல ஏத்திக் கட்டுங்க டீச்சர். இடுப்புல கட்டுனா தல முங்கும்."

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில், ஆறாம் வகுப்பு மொத்தமும் சன்னலில் எட்டிப் பார்த்தது.

அதன்பின் எல்லா ஞாயிறும் நமக்குக் கிடைத்துவிடவில்லை. ஒரு வாரம் மாமியாருக்கு முடியவில்லை. ஒரு வாரம் தேர்வுத்தாள் கட்டு. ஒரு வாரம் மகளுக்கு அம்மை. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தில் "அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது" என்று எழுதினீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இப்படி இழுத்துக்கொண்டே போனால் முடிந்த மாதிரிதான் என்று சலித்துக்கொண்டேன். நீங்கள் திருத்திக்கொண்டிருந்த வகுத்தல் கணக்கு ஒன்றை என் பக்கம் திருப்பினீர்கள். "மீதி வந்தா கணக்குத் தப்புன்னு யாரு சொன்னா டீச்சர்? மீதிய எழுதாம விட்டாத்தான் தப்பு."

தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு டின் ஒன்றானது. பிறகு கயிறு மட்டும். கடைசியில் ஒரு ஞாயிறு, கயிற்றையும் அவிழ்த்து நாத்தனார் கையில் கொடுத்தீர்கள். தவளை மாதிரி கையையும் காலையும் அகட்டி, முகத்தை விறைப்பாக மேலே தூக்கிக்கொண்டு போனீர்கள். நடுக்கிணற்றில் ஒருகணம் நின்றது மாதிரி இருந்தது. நாத்தனாரின் வாய்கூட மூடிக்கொண்டது. பிறகு எதிர்ச்சுவரைத் தொட்டீர்கள். அங்கேயே தொங்கிக்கொண்டு மேலே பார்த்து, "வர்றியா?" என்றீர்கள். உங்கள் மகள் முதுகில் இரண்டு டின்னோடு தயாராக நின்றிருந்தாள், எப்போது கட்டிக்கொண்டாளோ. மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நீங்கள் கத்தவில்லை. நீந்திப் போய் அவள் கையைப் பிடித்தீர்கள். "அம்மா, நீ தவக்கள மாதிரியே நீந்துற" என்றாள். அப்போதுதான் கோயில் மணி அடித்தது. "பீரியட் முடியல, இருங்க" என்று தண்ணீருக்குள்ளிருந்தே எனக்குச் சொன்னீர்கள்.

மலையாளப் பலகைகளையும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். சூடான டீக்குத்தான் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்னுடைய அணை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. பையன்களின் படிப்பு, கல்யாணம், பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி. எப்போதும் ஏதோ ஒன்று. கடைசியாக உங்களைப் பார்க்க வந்த அன்று, பேச்சே சிரமமாக இருந்தபோதும் கேட்டீர்கள்.

"அணைக்குப் போனீகளா?"

"அடுத்த வாரம் டீச்சர்."

"சரி, தள்ளி வையுங்க. கிழிச்சிராதீக."

இனி அந்தச் சேதி. போன வாரம் போய்விட்டேன் டீச்சர். உங்கள் மகள் தேனியிலிருந்து காரில் வந்து அழைத்துப் போனாள். வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். தலையில் சீப்பு மட்டும்தான் இல்லை, மற்றபடி நீங்களேதான். ஆண்டிபட்டியில் ஏதோ வேலை என்று என்னை அணை வாசலில் இறக்கிவிட்டாள். "நீயும் வா ஆத்தா" என்றேன். "நான் வந்தா என் தலைய எண்ணுவீக. தனியாப் போங்க டீச்சரம்மா, அதுதான உங்க பாடம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்ல காற்று. நிழலாக ஒரு பெஞ்சு. நிமிர்ந்து பார்க்கலாம் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து ஏதோ கோடை முகாம் பிள்ளைகள் வந்தார்கள், எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. கூட வந்த இளம் டீச்சர் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் மாறிவிட்டது. "ஒண்ணு குறையுதே" என்றாள்.

"குறையலம்மா. அந்தா, தூணுக்கு அங்கிட்டு ஒருத்தன் குனிஞ்சு செருப்பு மாட்டுறான்" என்றேன்.

அவள் ஓடிப்போய் அவனைப் பிடித்துவந்து வரிசையில் நிறுத்திவிட்டு, "நீங்க டீச்சருங்களா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வந்ததிலிருந்து நானும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் பூங்காவுக்குப் போக, என் கண்ணும் பின்னாலேயே போனது. பஸ் ஏறும்வரை எண்ணி முடித்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் உங்கள் மகள் வந்துவிட்டாள்.

"அணை எப்படி இருந்துச்சு டீச்சரம்மா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஓட்ட முடியாமல் காரை ஓரமாக நிறுத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா இருந்தா இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டாக."

போட மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதனால் இன்று கரையிலிருந்து திரும்பியதும் ஒரு தாளை எடுத்து ஒழுங்காக எழுதி வைத்தேன். கீழே அப்படியே தருகிறேன். கண்டிப்பான ஆள் நீங்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடம்: வைகை அணை. நோக்கம்: யார் தலையையும் எண்ணாமல் பார்த்தல். மதிப்பீடு: தேர்ச்சி இல்லை. அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.