அறுபத்தொரு நாள்

ஏப்ரல் 15, 2025

இன்றிலிருந்து மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டியாச்சு. நான் ராயபுரத்தில் எங்கள் மளிகைக்கடையில் புளி நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெற்றி கரையில்தான் இருப்பான். அவன் கடலுக்குப் போகாத அறுபத்தொரு நாள் மட்டும் வாசித்த பேண்ட் எங்களுடையது. பேரே ‘அறுபத்தொரு நாள்’. அவன் பாட்டு, நான் பேஸ் கிடார். மூன்று தடைக்காலம் வாசித்தோம். பேசாமல் ஐந்து போயிற்று, இது ஆறாவது.

ஏப்ரல் 27

வரவில்லை. ஏன் வருவான்?

மே 9

வியாசர்பாடியிலிருந்து நிதிஷ் என்று ஒருவன் கடைக்கே வந்துவிட்டான். அவனும் பேண்ட் வைத்திருக்கிறானாம். “ஷெர்லின் அக்கா, உங்க மொத ஆல்பத்துல பின்னால ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் கீதே, இன்னா மிஷின்ல பண்ணீங்க? எங்க ஏரியால எல்லா பேண்டும் அத்த வெச்சுதான் பாட்டு போடுது.”

ஐயோ, அது காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசர்டா! ஓசியில் கிடைத்த இடம் என்று அங்கே ரெக்கார்ட் செய்தோம். அதை நிறுத்த விடமாட்டார்கள்.

அவன் போனதும் அழுகை வந்துடுச்சு. அந்தச் சத்தத்துக்காகத்தானே சண்டையே. இரண்டாவது ஆல்பத்தில் வெற்றியைக் கேட்காமல் நான் அதைத் துடைத்துவிட்டேன். “எங்க ஊரு சத்தம் உனுக்கு கலீஜா போச்சா?” என்றான். ஆமான்னேன். திமிர், வேற என்ன?

மே 30

வெற்றியின் அம்மா முத்தம்மா, தடை இல்லாத நாட்டுப்படகில் பிடித்த மீன் கொண்டுவந்தார். அவன் சொன்னதுதான் சரி என்று அவனிடம் சொல்லச் சொன்னேன். “வாய் உனுக்கு இல்லியா? நீயே போய் சொல்லு.”

ஜூன் 2

போனேன். படகுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். “நீ சொன்னதுதான் சரி வெற்றி. நான்தான் கெடுத்தேன்.” திரும்பவே இல்லை. “வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ,” என்றான்.

அவ்வளவுதானா? இதுக்காகவா ஆறு வருஷம்?

அந்தக் குரல் மட்டும் மாறவே இல்லை.

ஜூன் 13

கடையில் நிற்க இடமில்லை. நாளையோடு தடை முடிகிறது; படகுக்காரர்கள் எல்லாம் பயணச் சாமான் வாங்கும் நாள். இத்தனை வருஷமாக எங்கள் கடைப்பக்கமே வராத வெற்றியின் படகிலிருந்து, சமையல்காரர் எத்திராஜ் சீட்டோடு வந்தார். அவன் கையெழுத்து. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய். கடைசி வரி: பேஸ் கிடார் கம்பி, ஒரு செட்.

“மளிகைக்கடையில் ஏதுண்ணே கம்பி?”

“அத்த படகுல ஏத்த வாணாம், நீயே வெச்சுக்கணுமாம்மா. இன்னா எழவோ, எனுக்குப் புரியல.”

ஜூன் 15

விடியற்காலையே படகெல்லாம் போய்விட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை. நேற்று வாங்கிய கம்பியை மாட்டி வாசித்தேன். விரலெல்லாம் எரியுது.

அடுத்த தடைக்காலத்துக்கு இன்னும் பத்து மாசம்.