உஷா அனுப்பிய திறக்காத படம்

மார்ச் 7, வெள்ளி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தங்கச்சி உஷாந்தி சூரிச்சிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். பார்க்காமலே பதில் போட்டுவிட்டேன். படம் திறக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, கீழே ஏதோ இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான். எனக்குப் போன் பாவிக்கத் தெரியாது என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அவள் எப்பவும் அனுப்புவது புதுச் சீலைப் படம்தானே! "இப்பத்தானடி என்ர தங்கச்சி மாதிரி இருக்கிறாய். முந்தின கோலம் காணச் சகிக்கேல்லை" என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சியும் வரிசையாகப் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவள் வாசித்துவிட்டாள் என்று நீலக்கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை. நான் ஒரு நக்கல் அடித்தால் பத்து திருப்பி அடிக்கிறவள்.

மார்ச் 10, திங்கள்

கோல் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. அப்படி என்னதான் அந்தப் படத்தில்? போனை நிற்பாட்டிப் போட்டுப் பார்த்தேன். இடம் காணாதாக்கும் என்று பழைய படங்களை அழித்தேன். நான் விற்கிற சோற்றுப் பார்சல் படமெல்லாம் போச்சு, சாம்பல் பெட்டி அப்படியே இருக்கிறது. மேல்வீட்டு ரொஷேல் பார்சல் எடுக்க வந்தவள், பைல் பெயரில் புள்ளிக்குப் பிறகு இருந்த வாலை வெட்டி வேறு வால் ஒட்டினாள்.

"இப்ப திறக்கும் அன்ரி."

திறக்கவில்லை.

"பெயரை மாத்தினா ஆள் மாறுமே பிள்ளை?"

அவள் சிரித்தாள். என் நக்கலுக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை. அதுதான் பயமாகக் கிடக்கு.

மார்ச் 12, புதன்

மருதானைக்குப் போனேன். போன் திருத்துகிற பொடியன் சிங்களத்தில் சொன்னான், பைல் பழுதில்லை, ஐபோனில் எடுத்த வேறு வகைப் படம், கிழடுக்கு இதெல்லாம் விளங்காது என்று.

"கிழடு எண்டது போனைத்தானே மல்லி?" என்று நானும் சிங்களத்தில், தம்பி முறை வைத்தே கேட்டேன்.

தன் கொம்பியூட்டரில் போட்டு மாற்றித் தந்தான். திறந்தது.

உஷா. ஆஸ்பத்திரிக் கட்டில். மொட்டைத்தலை. புருவமும் இல்லை. கையில குழாய்.

ஐயோ, நான் என்ன எழுதினனான்? இப்பத்தான் என்ர தங்கச்சி மாதிரி — சிரிக்கிற மூஞ்சி வேற — கடவுளே, இந்த வாயை என்ன செய்ய?

நான் இறங்கவேண்டிய வெள்ளவத்தையை பஸ் தாண்டினதே தெரியேல்லை. தெகிவளையில இறங்கி நடந்து வந்தன்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு எடுத்தாள். மார்பில் கான்சராம். வாயால் சொல்லத் தைரியம் வராமல்தான் படத்தை அனுப்பினாளாம்.

"உஷா, நான் அதைப் பார்க்கேல்லையடி. திறக்கேல்லை. நேற்றுத்தான் கண்டனான்."



"அப்ப சும்மா எழுதினதே?"

"ஓம்."

"அடப்பாவி அக்கா! முதல்ல உன்னோட கதைக்கிறதே இல்லையெண்டு இருந்தனான். பிறகு கண்ணாடியைப் பார்த்தன், சிரிப்பு வந்திட்டுது. இஞ்ச நேர்ஸ்மாருக்கெல்லாம் சொன்னனான், எல்லாரும் அழுகினம், என்ர அக்கா ஒராள்தான் நக்கலடிச்சவ எண்டு. இப்ப அதையும் பறிச்சிட்டியே."

சிரித்தாளா, அழுதாளா? விளங்கவில்லை. நான் அழுதேன்.

"வேற ஒண்டு எழுது. இந்தமுறை பார்த்திட்டு எழுது."

படத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு எழுதினேன்: "உனக்குக் காது இவ்வளவு பெரிசெண்டு இவ்வளவு காலமும் ஒளிச்சு வச்சிருக்கிறாய்."

மார்ச் 23, ஞாயிறு

உஷாவுக்கு அடுத்த மருந்தும் ஏற்றியாச்சு. இன்னும் இருக்காம். நேற்றுக் கொஞ்சம் கஞ்சி குடித்தாளாம்.

என் படம் ஒன்று கேட்டாள். நல்ல சீலை உடுத்து, பொட்டு வைத்து, ஜன்னலடியில் நின்று எடுத்து அனுப்பினேன். அவளுக்குப் போனது என் பெருவிரல் படம் மட்டும்.

"மெலிஞ்சிட்டாய் அக்கா" என்று எழுதியிருக்கிறாள்.